கறுப்புக்கொடிக்கு வந்தவர்கள்

மருதாசலத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் மொத்தம் ஐந்து. வரிசை மாறினால் அவருக்குக் கோபம் வரும். ஆகவே வரிசையாகவே சொல்லிவிடலாம்.

முதலாவது, பவளமலை நூற்பாலை அவரை வேலையிலிருந்து நீக்கியது. காரணம் என்ன என்று கேட்டார். இப்படிக் கேட்பதுதான் காரணம் என்றார்கள்.

இரண்டாவது, வேலைநிறுத்தம் தொடங்கிய அன்றே அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். தோள்பட்டை எலும்பு அங்கே உடைந்தது. இன்றுவரை வலது கை தலைக்கு மேல் போகாது.

மூன்றாவது, அவர் உள்ளே இருந்தபோது ஆலை வாசலில் கறுப்புக்கொடி பிடித்து மறியல் செய்த ஒரு பெண்மீது சரக்கு லாரி ஏறியது. ரீலிங் பிரிவில் நூல் சுற்றுகிறவள். பொழுது சாயும்வரை தார்ச்சாலையிலேயே கிடந்தாள். தடியடிக்குப் பயந்து ஒருவரும் கிட்டே போகவில்லை. காக்கைகள்தான் வந்தன. மறுநாள் பத்திரிகையில் 'கும்பலில் ஒருவர் பலி' என்று வந்தது. பெயர் வரவில்லை.

நான்காவது, சங்கம் நிர்வாகத்தோடு சமரசம் பேசிக் கையெழுத்துப் போட்டது. கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள் மருதாசலத்தைச் சங்கத்தைவிட்டு வெளியேற்றியது.

ஐந்தாவது, காக்கை.

முதல் நான்கையும் அவர் டீக்கடைகளிலும் பொதுக்கூட்டங்களிலும் சொந்தச் செலவில் அடித்த துண்டறிக்கைகளிலும் சொல்லி முடித்துவிட்டார். ஐந்தாவதை வெளியே சொல்ல முடியவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லலாம் என்று தோன்றியது.

அவர் பெயர் வேலம்மை. ஆலைக்குப் பின்புறம், பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில், ஓடு வேய்ந்த சின்ன மடம் ஒன்றை நடத்திவந்தார். மருதாசலத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒட்ட வெட்டிய தலைமுடி. மத்தியானம் யார் வந்தாலும் கஞ்சி உண்டு. கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சில சமயம் உண்டு.

மருதாசலம் அங்கே முதலில் போனது சீடனாக அல்ல. 'மடங்களை மூடுவோம்' என்ற துண்டறிக்கையைக் கொடுக்கப் போனார். வேலம்மை அதை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர்வரை படித்தார்.

"ஒரு விசயம் விட்டுப்போச்சுங்க ஐயா."

"என்ன?"

"மடத்தை மூடுனப்புறம் மத்தியானக் கஞ்சியை எங்க ஊத்தறதுன்னு போடலையே."

மருதாசலம் திரும்பிப் போனார். மறுநாள் பதிலோடு வந்தார். அது சரிப்படவில்லை. அதற்கடுத்த நாளும் வந்தார். அவருடைய துண்டறிக்கையை முழுதாகப் படித்த முதல் ஆள் அந்த அம்மாள்தான் என்பதையும் அவரால் மறக்க முடியவில்லை. அப்படியே வர ஆரம்பித்தவர்தான்.

"உங்களைச் சாமின்னு கூப்பிட மாட்டேன்," என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

"சரிங்க."

"குருன்னும் கூப்பிட மாட்டேன்."

"அதுவும் நல்லதுதான்."

"தோழர்னு கூப்பிடுவேன்."

"தோழர்னா என்ன பண்ணணும்?"

"கூட நிக்கணும்."

"அது முடியும்," என்றார் வேலம்மை.

அப்படி ஒரு நாள் காலையில், வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் இருந்த நேரத்தில், மருதாசலம் குடை பிடித்துக்கொண்டு மடத்துக்குள் ஓடிவந்தார். குடைமேல் இரண்டு காக்கைகள் மாறி மாறிக் கொத்தின. உள்ளே வந்து குடையை மடக்கினார். துணியில் ஓட்டை.

"இன்னைக்கும் உங்களைத்தானா?" என்றார் வேலம்மை.

"இந்தத் தெருவுல இத்தனை பேர் போறாங்க. என்னை மட்டும்தான். அந்த மில்காரனும் இப்படித்தான், ஆளைப் பார்த்து வெச்சிருந்து அடிச்சான்."

"எப்ப இருந்து?"

அதைத்தான் அவர் சொல்ல வந்தார்.

அந்தப் பெண் செத்த நாளில் ஒவ்வொரு வருடமும் அவர் ஆலை வாசலில் நிற்பார். கறுப்புக்கொடி உயரும். கூடியிருப்பவர்கள் முன்னால் அவள் பெயரை உரக்கப் படிப்பார். அவ்வளவுதான் கூட்டம். அந்த நாளில், அந்த இடத்தில், சாட்சிகள் முன்னால் மட்டும்தான் அந்தப் பெயரைச் சொல்வார். மற்ற நாட்களில் வாயே திறக்க மாட்டார். கண்ட இடத்தில் சொன்னால் பெயர் தேய்ந்துபோகும் என்பது அவர் எண்ணம். பத்திரிகை போடாத பெயரைத் தேயவிட அவருக்கு மனமில்லை.

ஆரம்பத்தில் சாலையை அடைத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு ஒரு வேனில் அடங்கினார்கள். பிறகு ஆலையை மூடினார்கள். வாசல் இருந்த இடத்தில் துணிக்கடையும் நகைக்கடையும் கொண்ட வணிக வளாகம் எழுந்தது. கடைசிவரை கூட வந்து கொடிக்கம்பைப் பிடித்தவர் சின்னராசு ஒருவர்தான். அவரும் இறந்துபோனார்.

"போன வருசம் நான் தனியாத்தான் போனேன், தோழர். கம்பைத் தூக்க இந்தத் தோள் ஒத்துக்கலை. துணியை மட்டும் கழட்டிக் கையில தொங்கவிட்டுட்டு நின்னேன். பெயரைப் படிக்க வாயைத் திறந்தேன். இந்த மரத்துல இருந்து மொத்தமும் வந்துச்சு. தலை, கழுத்து, காதுன்னு கொத்திப்போட்டுச்சுங்க. துணிக்கடைப் பசங்க போன்ல படம் எடுக்கறாங்க. 'பெருசு, சனி பகவானுக்கு என்ன பாக்கி வெச்சிருக்கே'ங்கறான் ஒருத்தன். நான் ஓடிட்டேன்."

குடைத் துணியின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"பெயரைப் படிக்கலை. அத்தனை வருசத்துல அந்த ஒரு தடவைதான் படிக்கலை."

"இந்த வருசம்?"

"அடுத்த வாரம் வருது அந்த நாள். அதுக்குள்ள இதுங்களுக்கு ஒரு முடிவு கட்டணும்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மாநகராட்சிக்கு மனு. தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளை வெட்டி, கூடுகளைக் கலைத்து, காக்கைத் தொல்லையை ஒழிக்க வேண்டும் என்று கோரும் மனு. கீழே நெருக்கமாகக் கையெழுத்துகள்.

"மரம் மடத்துச் சுவருக்குள்ள நிக்குது. உங்க கையெழுத்து இல்லாம வெட்ட மாட்டாங்களாம்."

"இத்தனை பேர் போட்டிருக்காங்களே!"

மருதாசலம் கசப்பாகச் சிரித்தார். "கூலி உயர்வுக்குக் கேட்டப்போ ஒருத்தன்கிட்டயும் பேனா இல்லை. காக்காவை விரட்டணும்னு சொன்னேன், பேனாவுக்குச் சண்டை போட்டுக்கிட்டாங்க."

"பக்கத்துல ஏதோ எழுதியிருக்கே?"

"காரணம். காரணம் இல்லாத கையெழுத்துக்கு எடை கிடையாது. நான் எப்பவும் எழுதி வாங்குவேன்."

"படிங்க, கேக்கறேன்."

மருதாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேடைக் குரல் தானாக வந்துவிட்டது.

"துணிக்கடை மேனேஜர். வாசல்ல கறுப்பா வந்து உக்காந்தா வியாபாரம் படியறதில்லை. அடுக்குமாடி நலச்சங்கச் செயலாளர். சத்தம் தாங்கலை, எதுவா இருந்தாலும் மெதுவா சொல்லத் தெரியாது. சின்ன சந்துல கோகிலம்மா. கண்டதையும் தின்னுது, குப்பைமேட்டுல இருந்து வந்து நம்ம மாடியில உக்காருது."

"கோகிலம்மாவா? அமாவாசைக்கு அமாவாசை சோறு வெச்சு, கா கான்னு தொண்டை வத்தக் கூப்பிடுவாங்களே?"

"கேட்டேன். 'மாமியாருக்குச் சோறு வெக்க வேற தெருக் காக்கா வந்தாப் போதும், இங்க குடியிருக்க வேண்டாம்'னாங்க."

வேலம்மை சிரித்துவிட்டார். "அப்புறம்?"

"நகைக்கடை முதலாளி. தினமும் புறாவுக்கு மூட்டையில கம்பு கொட்டுவார். அவர் சொன்னது இது. 'புறான்னா ஒரு அமைதி. வந்தமா, தின்னமா, போனமான்னு இருக்கும். காக்கா அப்படியில்லை. கூட்டம் சேர்க்குது. ஒண்ணைத் தொட்டா ஊரையே கூட்டுது.'"

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க."

"ஒண்ணைத் தொட்டா ஊரையே கூட்டுது."

"இது குத்தமுங்களா, ஐயா?"

மருதாசலம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைத்தான் வாழ்க்கை பூரா நோட்டீஸ் அடிச்சுக் கேட்டேன்," என்றார் மெதுவாக. உடனே குரலைக் கூட்டினார். "அதுக்காக? என்னை எதுக்குக் கொத்தணும்? நான் என்ன பண்ணேன் அதுங்களை?"

"கொடி இருக்கா?"

"பையில இருக்கு. எப்பவும் இருக்கும்."

"கொடுங்க. தோள்ல கிடக்கற அந்தச் செகப்புத் துண்டையும்."

வேலம்மை எழுந்தார். முதலில் தன் வெள்ளைத் துண்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு மரத்தடியில் ஒரு நடை நடந்தார். மேலே காக்கைகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று அலகைக் கிளையில் தீட்டியது.

பிறகு மருதாசலத்தின் சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டபடி நடந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"செகப்பை இந்தக் காலத்துல எவன் மதிக்கிறான்?" என்றார் மருதாசலம், தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடி.

மூன்றாவதாக வேலம்மை கறுப்புக்கொடியை எடுத்தார். கம்பில்லாத வெறும் துணி. பிடித்த இடத்தில் சுருங்கி, கீழே இரண்டாகப் பிரிந்து தொங்கியது.

ஒரு காக்கை கத்தியது. அதுவரை கேட்காத குரல். அடுத்த கணம் மரமே எழுந்து வந்தது போலிருந்தது. ஒன்று வேலம்மையின் உச்சந்தலையில் அடித்துவிட்டுப் போனது. இன்னொன்று கழுத்தை உரசியது. அவர் ஓடவில்லை. முற்றத்தின் நடுவில் துணியை மெல்லத் தரையில் வைத்தார். திரும்பி நடந்துவந்து மருதாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெட்டிய முடிக்குள்ளிருந்து ரத்தம் ஒரு கோடாக நெற்றிக்கு இறங்கியது.

"தோழர், ரத்தம்!"

"பாருங்க," என்றார் வேலம்மை.

காக்கைகள் சுவரில் இறங்கின. கிணற்றுக் கட்டையில் இறங்கின. துணியைச் சுற்றித் தரையில் இறங்கின. ஒவ்வொன்றும் கழுத்தை நீட்டிக் கத்தியது. மார்க்கெட் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது. ரயில் தண்டவாளத்துப் பக்கமிருந்து இன்னொன்று.

"இந்த மரத்துல இவ்வளவு இல்லையே. எல்லாம் எங்கிருந்து வருதுங்க?"

"அக்கம்பக்கத்து மரங்கள்ல இருந்து."

"யார் சொல்லி அனுப்புனா?"

"யாரும் நோட்டீஸ் அடிக்கலை."

மருதாசலம் முறைத்தார். பிறகு துணியைப் பார்த்தார். தரையில் கறுப்பாக, ஒரு பக்கம் மடங்கி, இன்னொரு பக்கம் விரிந்து கிடந்தது. இறக்கையைப் போல.

"செத்த காக்கான்னு நினைக்குதுங்க," என்றார்.

வேலம்மை நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போன வருசம் என் கையிலயும் அதைத்தான் பார்த்துச்சா? நான் கொன்னு தூக்கிட்டுப் போறேன்னு?"

"அப்புறம் உங்க முகத்தை எப்படி மறப்பாங்க?"

"அந்த லாரியை ஓட்டுனவன் முகம் இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்லை," என்றார் மருதாசலம். "இனி உங்களையும் விடாதுங்க, தோழர்."

"சரி, ரெண்டு பேர் ஆச்சு."

சாம்பல் கழுத்துக் காக்கை ஒன்று துணியின் ஓரம்வரை நடந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தது. மறு பக்கம் சாய்த்துப் பார்த்தது. பின்னால் நகர்ந்து மறுபடி கத்தியது.

மருதாசலம் எழுந்து நின்றார்.

"தின்னலையே."

"என்னதுங்க?"

"பொணம்னுதானே நினைக்குதுங்க? ஒண்ணுகூட வாய் வெக்கலையே."

"தின்ன வந்த மாதிரியா இருக்கு?"

சிறையிலிருந்து வெளியே வந்த நாள் மருதாசலத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஆலைக்கு எதிர்ப்புற டீக்கடை ஆறுச்சாமி, கடைக்குள்ளிருந்து ஒளிந்து பார்த்ததை அன்று அவரிடம் சொல்ல ஆரம்பித்தார். காக்கான்னா காக்கா, அப்படி ஒரு கூட்டம், மருதாசலம். அவ மேல இறங்கலை. சுத்தி நின்னு கத்துச்சு. போலீஸ்காரன் கிட்டப் போனான், தொப்பியைத் தட்டி விட்டுடுச்சு. பொழுது சாயற வரைக்கும் விடலை.

காக்கா என்றதுமே போதும் நிறுத்து என்று அன்று அவர் கத்தினார்; ஆறுச்சாமி மேற்கொண்டு சொன்னது காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை. அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை. காக்கை எதற்கு வரும் என்று அவருக்குத் தெரியும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அந்த நினைப்பில் எத்தனையோ நாள் சோறு இறங்கவில்லை.

"அவ கையில கொடி இருந்துச்சு, தோழர்."

வேலம்மை அவரைப் பார்த்தார்.

"லாரி இடிச்சதுல கம்பு முறிஞ்சுடுச்சு. துணியை மட்டும் விடாமப் பிடிச்சிருந்தாளாம். கையில இருந்து அதைப் பிரிச்செடுக்க ரொம்பச் சிரமப்பட்டாங்களாம்."

முற்றத்தில் கத்தல் ஓயவில்லை. தெருவில் யாரோ கதவை ஓங்கிச் சாத்தினார்கள்.

"வருசா வருசம் நோட்டீசுல எழுதுவேன். 'அவளுக்காக ஒருவரும் வரவில்லை'ன்னு. கொட்டை எழுத்துல போடச் சொல்லுவேன்."

அவர் குரல் உடைந்தது. மேடையில் ஒருநாளும் உடையாத குரல்.

"வந்திருக்காங்க, தோழர். சாயங்காலம் வரைக்கும் நின்னிருக்காங்க."

"இந்த வருச நோட்டீசுல போட்டுடுங்க," என்றார் வேலம்மை.

வெகுநேரம் கழித்து வேலம்மை கையை நீட்டினார். "மனுவைக் கொடுங்க. என் கையெழுத்து கேட்டீங்களே."

மருதாசலம் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அச்சகத்தில் ஒரு துண்டுத் தாளைக்கூட வீணடிக்க விடாத மனிதர் அவர்.

"வேண்டாம். பின்பக்கம் எழுத வேண்டியிருக்கு," என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த நாள் வந்தது.

வணிக வளாகத்தின் வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. நகைக்கடை வாசலில் புறாக்கள் கம்பு கொத்திக்கொண்டிருந்தன. மருதாசலம் வெளுத்த சட்டை போட்டு, தலையில் சிவப்புத் துண்டைத் தலைப்பாகையாக இறுக்கிக் கட்டியிருந்தார். வேலம்மையும் தலையில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கையில் கொடிக்கம்பு.

"நான் பிடிச்சுக்கறேன். துணியை இதுல கட்டுங்க. உயரமா விரிச்சுப் பிடிச்சா அவங்க வர மாட்டாங்க."

"வர மாட்டாங்களா?"

"கொடியா விரிஞ்சு நின்னா அது துணிதான். சின்னராசு பிடிச்ச வரைக்கும் வரலையே."

மருதாசலம் யோசித்தார்.

"அப்ப கம்பு வேண்டாம், தோழர்."

"கொத்துவாங்களே?"

"கொத்தட்டும். கூட்டத்துக்கு ஆள் வேணும்."

பையிலிருந்து கறுப்புத்துணியை எடுத்துக் கையில் தொங்கவிட்டார்.

முதல் குரல் மரத்திலிருந்து எழுந்தது. பிறகு எல்லாம் வந்தன. புறாக்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பறந்துபோயின. காக்கைகள் மின்கம்பியில் அமர்ந்தன. துணிக்கடைப் பலகையில் அமர்ந்தன. கார்களின் கூரையில் அமர்ந்தன. ஒன்று தலைப்பாகையைத் தட்டிச் சென்றது. மருதாசலம் கைகூப்பினார். குனிந்து, அவள் கிடந்த இடத்தில், துணியைத் தரையில் வைத்தார்.

கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். போன்கள் உயர்ந்தன.

"பெருசு மறுபடியும் வந்துடுச்சுடா!"

மருதாசலம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மனுவின் பின்பக்கத்தைப் பிரித்துக் கண்ணாடியை மாட்டினார். எந்தக் கூட்டத்திலும் நன்றியுரை என்பதைக் கடைசியில் யாராவது ஒரு புது ஆளிடம் தள்ளிவிடுவார்கள். மருதாசலம் தன் காலத்தில் ஒருமுறைகூட நன்றியுரை சொன்னதில்லை. அதைக் கேட்பதற்கு உட்கார்ந்ததும் இல்லை. இன்று அதிலிருந்துதான் தொடங்கினார்.

"அன்று வந்திருந்து பொழுது சாயும்வரை உடன் நின்றவர்களுக்கும், அவர்கள் வழியில் இன்று வருகை தந்திருக்கும் அனைவருக்கும் நன்றி."

ஒலிபெருக்கி இல்லாமலே ஆலைச் சங்கை மீறிப் பேசிப் பழகிய குரல் அது. காக்கைகளின் கத்தலுக்கு நடுவிலும் தெருமுனைவரை கேட்டது.

அடுத்த வரியில் பெயர் இருந்தது. அவர் தயங்கினார். கார்களைப் பார்த்தார். போன் பிடித்த பையன்களைப் பார்த்தார். அவளைத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"தோழர், சாட்சிங்க வேணுமே. இவங்கள்ல யாருக்கு அவளைத் தெரியும்?"

வேலம்மை அண்ணாந்து பார்த்தார். கம்பி முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"முகம் மறக்காதவங்க மேல உக்காந்திருக்காங்க. படிங்க."

மருதாசலம் நிமிர்ந்தார். இரண்டு கைகளாலும் தாளைப் பிடித்துக்கொண்டார்.

"ரீலிங் பிரிவு," என்று படித்தார். "மாராத்தாள்."